வேர்க்குரு போட்ட பச்சைக்கல்

ஏப்ரல் மாதத்து மத்தியானம். கோவையில் இப்படி வெயில் அடித்ததே இல்லை என்று வருடா வருடம் சொல்லும் அதே வாரம். என் மகள் கண்ணாடி அலமாரியிலிருந்து பச்சைக்கல்லை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜில்லென்று இருக்குமாம். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, இதுக்கும் வேர்க்குரு வந்திருக்கு" என்று கொண்டுவந்து நீட்டினாள்.

தடவிப் பார்த்தேன். வந்துதான் இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் வாங்கியபோது கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்த முகம். இப்போது ஒவ்வொரு சிவப்புப் புள்ளியும் விரலில் தனித்தனியாகத் தட்டியது. சுற்றியிருந்த பச்சை மங்கி, ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தது. ஒரு மூலையில் மெல்லிய ஏடு ஒன்று உரிந்து நகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பால் ஏடு மாதிரி, ஆனால் நிறமில்லாதது.

கல்லில் ஏடு உரியாது. யாரோ பூசியது உரிகிறது.

முதலில் கல் எது என்று சொல்லிவிடுகிறேன். கனிமம் சேகரிப்பவர்களுக்கென்று மெருகேற்றி விற்ற, உள்ளங்கை அளவுள்ள பலகைக்கல். 11 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், இரண்டரை செ.மீ. கனம். பச்சைத் தளத்தில் அறுகோணமும் அரைகுறை அறுகோணமுமாக ரோஜா சிவப்புப் புள்ளிகள். சிலவற்றைச் சுற்றி நீல வளையம். பச்சை என்பது ஃபுக்சைட், சிவப்பு என்பது மாணிக்கம், நீலம் கயனைட். இந்தக் கூட்டணிக்குப் பெயர்போன இடம் கர்நாடகம், மைசூர் பக்கம்.

மாணிக்கம் என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் விலை கேட்டார். நகைக்கடை மாணிக்கம் இல்லை இது. ஒளி புகாது, வெடிப்பு நிறைய, கல்லோடு கல்லாகக் கிலோ கணக்கில் விற்பார்கள். அவருக்கு ஆர்வம் போய்விட்டது. எனக்கு இன்னும் போகவில்லை, காரணம் அதன் நிறம். ஃபுக்சைட் என்பது நம் காக்காப்பொன் குடும்பம்தான். மஸ்கோவைட் மைக்காவில் அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் குரோமியம் ஏறினால் பச்சையாகிவிடும். மாணிக்கம் சிவப்பாக இருப்பதற்கும் அதே குரோமியம்தான் காரணம். மாணிக்கத்துக்குள் குரோமியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் அணுக்கள் நெருக்கிப் பிடித்திருக்கும். அந்த நெருக்கத்தில் அது மஞ்சள், பச்சை ஒளியை விழுங்கி சிவப்பை விடுகிறது. மைக்காவில் பிடி கொஞ்சம் தளர்வு. விழுங்கும் நிறம் மாறிப் பச்சை வெளியே வருகிறது. மரகதத்தின் பச்சையும் இதே கதைதான். ஒரே பொருள் ஒரே கல்லில் இரண்டு நிறமாக நிற்பதை வேறு எங்கே இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியும்?

சரி, விற்றவர் சொன்னதை அப்படியே நம்பவும் கூடாது. டான்சானியாவின் லோங்கிடோ பகுதியில் 1954-ல் கண்டெடுத்த இன்னொரு கல் உண்டு. ஸோய்சைட் என்ற பச்சைக் கனிமத்தில் மாணிக்கம் பதிந்தது. மாசாய் மொழியில் பச்சைக்கான சொல்லை வைத்து அன்யோலைட் என்பார்கள். பெயர்களை இதற்கு அதுவும் அதற்கு இதுவுமாக மாற்றிப் போட்டு விற்பது சகஜம். பழுது பார்ப்பவனுக்கு இது முக்கியமான வித்தியாசம். கடினத்துக்கு 1 முதல் 10 வரை எண் போடும் மோஸ் அளவில் ஸோய்சைட் 6 முதல் 7 வரை, ஃபுக்சைட் மூன்றைத் தாண்டாது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சமையலறைத் தராசில் சோதித்தேன். கல்லின் எடை 428 கிராம். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கினேன். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டேன். தராசு 144 காட்டியது. அதாவது கல் தள்ளிய தண்ணீர் 144 கிராம். 428-ஐ 144-ஆல் வகுத்தால் 2.97, அதுதான் கல்லின் அடர்த்தி. ஃபுக்சைட் 2.8, 2.9 என்று இருக்கும், மாணிக்கம் 4. பத்தில் ஒரு பங்கு மாணிக்கம் கலந்தால் இந்தக் கணக்கு வரும். ஸோய்சைட்டாக இருந்தால் 3.1-க்குக் குறைந்திருக்காது. பின்பக்கம் பச்சையில் ஊசியால் கீறினேன். கோடு விழுந்து, மினுமினுவென்று தூள் வந்தது. காக்காப்பொன்தான்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு யூவி டார்ச் அடித்துப் பார்த்தோம். 365 நானோமீட்டர் டார்ச். தேள் தேட வாங்கியது. மாணிக்கப் புள்ளிகள் அடுப்புக் கரி மாதிரி சிவந்து ஒளிர்ந்தன. மகள் கை தட்டினாள். ஆனால் நான் பார்த்தது வேறு. கல்லின் குறுக்கே நரம்பு நரம்பாக நீல வெள்ளைக் கோடுகள் ஓடின, ஒவ்வொரு மாணிக்கத்தின் காலடியிலும் அதே நீல வெள்ளை தேங்கி நின்றது. பிசின். எபாக்ஸி பெரும்பாலும் இப்படித்தான் ஒளிரும். வெடிப்பில் பிசின் விட்டு, பள்ளத்தை நிரப்பி, மேலே ஒரு வார்னிஷ் அடித்து "மெருகு" என்று அனுப்பியிருக்கிறார்கள். பிசின் விட்டதைக் குற்றம் சொல்ல மாட்டேன், இந்தக் கல்லுக்கு அது தேவை. சொல்லாமல் விட்டதுதான் தப்பு. கடைக்கு எழுதினேன், பதில் வரவில்லை. விடுங்கள், கல் நன்றாக இருக்கிறது, நானே சரிசெய்யலாம் என்று இறங்கினேன்.

முதல் வேலை பூச்சை எடுப்பது. அசிட்டோன் வாங்கி, மூடியுள்ள ஸ்டீல் டப்பாவில் கல்லை ஒரு ராத்திரி மூழ்க வைத்தேன். மொட்டை மாடியில், அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இல்லாமல். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் வேண்டாம். அதில் எண்ணெய் கலந்திருக்கும், மைக்கா அதைக் குடித்துக்கொண்டு விடாது. காலையில் வார்னிஷ் சளி மாதிரி வழிந்து கிடந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியதும் உண்மையான முகம் தெரிந்தது. வெடிப்புக்குள் இருந்த எபாக்ஸி அசையவில்லை. அது அசிட்டோனுக்கு மசியாது. ஆனால் மாணிக்கத்தைச் சுற்றிப் பூசியிருந்த மேல் நிரப்பல் பாதிக்கு மேல் போய்விட்டது.

மேடு பள்ளத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து அளந்தேன். பச்சை மட்டத்தை விட மாணிக்கங்கள் கால் மில்லிமீட்டர் உயர்ந்து நின்றன. கால் மில்லிமீட்டர் என்றால் இரண்டு, மூன்று காகிதக் கனம். விரலுக்கு அது பெரிய மேடு.

ஏன் இப்படி ஆகிறது என்பது எளிது. ஒரே முகத்தில் மூன்று கடினம். ஃபுக்சைட் இரண்டரை, மூன்று. மாணிக்கம் 9. நடுவில் கயனைட், அது இன்னும் வம்பு, நீளவாக்கில் கீறினால் ஐந்துக்குள், குறுக்கே கீறினால் ஏழு வரை. ஒரே தேய்ப்பில் மிருதுவானது பள்ளமாகிறது, கடினமானது மேடாகிறது. இது தெரிந்திருந்தும் நான் செய்த முதல் காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். வீட்டில் இருந்த வாட்டர் பேப்பரை ஒரு ஸ்பாஞ்சுத் துண்டில் சுற்றி, தண்ணீர் விட்டு, 400-ம் நம்பரில் (நம்பர் ஏற ஏறப் பரல் சன்னம்) ஆரம்பித்து 1,000 வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். பச்சை அழகாகப் பளபளத்தது. மாணிக்கம் மேலே ஒரு கீறல்கூட விழவில்லை. கேஜ் 0.35 காட்டியது. பழுதை நாற்பது சதவீதம் வளர்த்துவிட்டேன்.

இங்கே ஒரு வேடிக்கை. மாணிக்கம், நகைக்கடை நீலக்கல் எல்லாம் ஒரே கனிமம், கொரண்டம். அந்த ஆங்கிலப் பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. நம் ஊர்களில் குருந்தக்கல்லை இடித்துத் தூளாக்கி அரக்கில் பிசைந்துதான் சாணைச் சக்கரம் செய்தார்கள். ஆக, கத்தி தீட்டும் சாணை எதனால் ஆனதோ அதையே நான் காகிதத்தால் தேய்க்கப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் கல்லைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காங்கேயம் பஸ் ஏறினேன். திருப்பூர் வழி. வழியில் படியூர் வரும். 1819, 1820 வாக்கில் அங்கே கிணறு வெட்டுவதுபோல வெட்டி அக்வாமரின் என்ற வெளிர்நீல ரத்தினம் எடுத்தார்கள். இன்று பஸ்ஸிலிருந்து பார்த்தால் தறிக்கூடமும் தென்னந்தோப்பும்தான். காங்கேயத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டை தீட்டுபவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், சந்திரகாந்தக் கல்லிலேயே கண் பார்வையைக் கரைத்தவர். திண்ணையில் உட்கார்ந்து கல்லை வாங்கினார், பார்க்கவில்லை, கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார்.

"பஞ்சு வெச்சுத் தேச்சீங்களா தம்பி?"

"ஸ்பாஞ்சுங்கண்ணா."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க. கடலை மிட்டாயை நக்கினா என்ன ஆகும்? வெல்லம் கரையும், கடலை நிக்கும். கடிக்கோணுமுங்க. கடிச்சாத்தான் வெல்லமும் கடலையும் ஒரே மட்டத்துல போகும்."

கடிக்க என்ன வேண்டும் என்று கேட்டேன். வைரத் தூள் பதித்த இரும்புத் தட்டு, அதுவும் தேயாதது. பின்னால் துளிகூட மெத்தை கூடாது. கையை அழுத்தக் கூடாது. கல்லை ஒரே திசையில் வைத்திருக்கக் கூடாது. "பழசான தட்டுல வைக்காதீங்க, அது பச்சையை மட்டும் திங்கும். சிகப்பு வழுக்கீட்டுப் போயிரும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "மொதல்ல உள்ளுக்கு மருந்து குடுங்க. இல்லீனா சிகப்பு பேந்து வரும்." மருந்து என்றது பிசினை. காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது தூளைக் குடிக்காதீங்க என்றும் சொன்னார். அவருக்கு இருமல் இருந்தது.

அந்த எச்சரிக்கையை நானும் இங்கே சொல்லிவிடுகிறேன். கல் வேலை முழுக்கத் தண்ணீரில்தான். காய்ந்த கல்லில் ஒரு நிமிடம்கூடத் தேய்க்காதீர்கள். பச்சைக் கல்லில் குவார்ட்ஸ் கலந்திருக்கலாம், அந்தத் தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. தண்ணீர் தெறிப்பதிலும் தூள் இருக்கிறது, அதனால் முகமூடியும் போட்டுக்கொண்டேன். கழுவிய சேற்றைச் சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைக்கும். பக்கெட்டில் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் செடிக்குக்கூட ஊற்றாமல் சாக்கடையில் விட்டேன்.

மருந்து கொடுக்கும் கட்டத்தில் இரண்டாவது தடுமாற்றம். எபாக்ஸிக்குப் பொறுமையில்லாமல், சின்ன டியூபில் வருகிற உடனே ஒட்டும் பசையை ஒரு வெடிப்பில் விட்டுப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி உள்ளே இறங்கியது. ஆஹா என்று இருந்தேன். பத்து நிமிடத்தில் அந்த இடம் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. கல்லுக்குள் ஈரம் மிச்சம் இருந்திருக்கிறது. மறுபடி அசிட்டோன், மறுபடி ஒரு ராத்திரி. பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். மைக்கா தகடு தகடாக அடுக்கியது, புத்தகம் நனைந்தால் நடுப்பக்கம் கடைசியில் காய்வது போலத்தான்.

அதற்கப்புறம் அவசரப்படவில்லை. நான்கு நாள் மாடி வெயில். பிறகு தெர்மாகோல் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு போட்டு, தெர்மாமீட்டர் சொருகி, 50-லிருந்து 55 டிகிரிக்குள் இரண்டு நாள். பல்பு கல்லைத் தொடக்கூடாது. ஓவனில் வைக்கலாமே என்று யோசிப்பவர்களுக்கு: மாணிக்கமும் மைக்காவும் சூட்டில் ஒரே அளவு விரியாது, திடீர்ச் சூடு வெடிப்பை வளர்க்கும். ஒவ்வொரு நாளும் எடை பார்த்தேன். எடை குறைவது நின்ற அன்றுதான் காய்ந்தது என்று ஒத்துக்கொண்டேன்.

எபாக்ஸியில் ஐந்து நிமிட வகை உதவாது, உள்ளே இறங்குவதற்குள் கெட்டியாகிவிடும். 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் நீர்த்த வகை வாங்கினேன். கல் சூடாக இருக்கும்போதே முகத்தில் ஊற்ற வேண்டும். சூட்டில் பிசின் இளகித் தானாக ஓடும். காற்றை உறிஞ்சினால் இன்னும் ஆழம் போகும் என்பதால் பழைய பிரஷர் குக்கருக்கு அக்ரிலிக் மூடி வைத்து, உக்கடம் பழைய இரும்புக் கடையில் பிடித்த ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரின் உறிஞ்சும் குழாயை மாட்டினேன். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்ததும் கல்லின் மேல் குமிழ் குமிழாகக் கிளம்பியது. ஒவ்வொரு மாணிக்கத்தின் ஓரத்திலிருந்தும் வரிசையாக, சோடா பாட்டில் திறந்த மாதிரி. இத்தனை ஓட்டை இருந்ததா என்று கொஞ்சம் பயமாகவே இருந்தது. கால் மணி நேரம் ஓட்டி, காற்றைத் திரும்ப உள்ளே விட்டேன். அந்த அழுத்தம்தான் பிசினை வெடிப்புக்குள் தள்ளுகிறது. மூன்று தடவை இப்படி. அப்புறம் மேலே மிஞ்சியதைத் துடைத்து, பல்புப் பெட்டியில் இரண்டு நாள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எபாக்ஸி தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்தால் அப்புறம் வாழ்நாளுக்கும் வரும்.

இனித் தேய்ப்பு. என் இயந்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய வெட் கிரைண்டரின் அடிப்பாகம், 1,440 சுற்று மோட்டார். புல்லி மாற்றி தட்டு நிமிடத்துக்கு 360 சுற்றில் ஓடும்படி செய்தது. மேலே எட்டு அங்குல வைரத் தட்டுகள். தண்ணீருக்கு மருந்துக்கடையில் வாங்கிய டிரிப் செட், ஆணியில் ஒரு பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு. சக்கரத்தைத் திருகினால் சொட்டு எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். இதற்காகவே கண்டுபிடித்த சாமான் போல இருக்கிறது.

325-ல் ஆரம்பித்தேன், புதுத் தட்டு. 180 இன்னும் வேகமாகத் தின்னும், ஆனால் அந்த முரட்டுப் பல்லுக்கு மாணிக்கம் பெயர்ந்து வரும் என்று பயம். முகத்தில் பெர்மனென்ட் மார்க்கரால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். தட்டில் வைத்ததும் மாணிக்கத்தின் மேலிருந்த கோடுகள் மட்டும் அழிந்தன. பச்சையின் மேல் கோடு அப்படியே. அதாவது கல் மாணிக்கங்களின் தலைமேல் நின்று ஓடுகிறது. சத்தமே வேறு, கரகரவென்று வறட்டுச் சத்தம். கையின் எடை மட்டும். கல்லை எட்டு வடிவில் நகர்த்தி, முப்பது எண்ணியதும் கால் சுற்று திருப்பி. முதல் ஒன்றரை மணி நேரம் பச்சையில் ஒரு கோடுகூட அழியவில்லை. அப்புறம் ஒரு ஓரத்தில் அழிய ஆரம்பித்தது, சத்தமும் மாறியது. கரகரப்பு போய் ஈர வழுக்கல் சத்தம். காதை வைத்தே வேலை செய்யலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மொத்தம் மூன்றே முக்கால் மணி நேரம், இரண்டு சாயங்காலம். கடைசிக் கோடு அழிந்தபோது முகம் ஒரே மட்டம். பழைய கல்லில் முகம் லேசாகக் குவிந்திருந்தது, அது போயிற்று. இரும்புத் தட்டு தட்டையாகத்தான் தேய்க்கும். குவிந்ததாகவே வேண்டுமென்றால் வேறு உருளை வேண்டும், நான் ஆசைப்படவில்லை. கேஜ் வைத்தேன். முள் அசைந்தும் அசையாமலும் நின்றது.

600-ல் ஒரு விபத்து. ஓரத்து மாணிக்கம் ஒன்றிலிருந்து கடுகளவு சில்லு தெறித்து, கல்லுக்கும் தட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நிறுத்துவதற்குள் பச்சையின் நடுவே ஒரு நீளக் கீறல். 9 கடினத்துச் சில்லு 3 கடினத்துத் தரையில் ஓடினால் உழவுசால்தான். அந்த ஒரு கீறலுக்காக மறுபடி 325-க்கு இறங்கி நாற்பது நிமிடம். அதிலிருந்து தண்ணீரைக் கூட்டிவைத்தேன், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தட்டையும் கல்லையும் கழுவினேன். ஒரு தட்டிலிருந்து அடுத்ததுக்குப் போகும்முன் கல், கை, தட்டு, டவல், மேஜை எல்லாவற்றையும் கழுவுங்கள். ஒரு முரட்டுத் துகள் அடுத்த கட்டத்துக்குத் தப்பிப் போனால் அரைநாள் போச்சு.

1,200, பிறகு 3,000. இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒவ்வொன்றிலும் இருபது, முப்பது நிமிடம். 3,000 முடிந்ததும் ஈரமாக இருக்கும்போது கல் முழுதாக மெருகேறியது மாதிரி ஏமாற்றும். துடைத்துக் காயவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தைச் சாய்வாக விட்டு, நகைக்கடை லென்ஸில் பார்த்த பிறகுதான் நம்பவேண்டும். மாணிக்கத்தில் முந்தைய தட்டின் கீறல் இருந்தது. பச்சையில் இல்லை. மிருதுவானது சீக்கிரம் சமாதானமாகிவிடும், கடினமானது பழசை வைத்துக்கொண்டே இருக்கும். மாணிக்கத்தைப் பார்த்துத்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

கடைசி மெருகுக்குத் தோல், ஃபெல்ட் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இரண்டுமே மெத்தை. ஸ்பாஞ்சு செய்த வேலையைச் சின்ன அளவில் செய்யும். ஆறு மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டை வட்டமாக வெட்டி, பிளேடால் மேலே சன்னமான கோடுகள் கிழித்து, 3 மைக்ரான் வைரப் பசை தடவினேன். எண்ணெயில் குழைத்த பசை விலை குறைவு, ஆனால் மைக்கா எண்ணெய் குடிக்கும் என்று சொன்னேனே. தண்ணீரில் கரைவதை வாங்கினேன். வேகத்தைக் குறைக்க வழியில்லாததால் தட்டின் நடுப்பக்கம், வேகம் குறைந்த இடத்திலேயே வைத்துத் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் மாணிக்கத்தில் ஜன்னல் கம்பி தெரிந்தது. அடுத்து 1 மைக்ரான், இன்னொரு அக்ரிலிக் தகட்டில்.

கடைசியில் ஒரு சபலம். தோல் ஒட்டிய மரக்கட்டையில் அதே 1 மைக்ரானைப் போட்டு, பின்பக்க மூலையில் மட்டும் சோதித்தேன். பத்து எண்ணும்வரை பச்சை இன்னும் மின்னியது. முப்பதில் ஓரத்து மாணிக்கம் விரலில் தட்ட ஆரம்பித்தது. அதனால் முகத்துக்குப் பத்து எண்ணிக்கை, அதோடு சரி.

முடிவு எப்படி? மாணிக்கம் கண்ணாடி. கயனைட் வளையம் கிட்டத்தட்ட அதே அளவு, சாய்த்துப் பார்த்தால் உள்ளே நார் நாராகத் தெரிகிறது. பச்சை கண்ணாடியாகவில்லை. பட்டுத்துணியின் மினுமினுப்பு, உள்ளே தகடுகள் ஆங்காங்கே வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்புகின்றன. விற்றவர் வார்னிஷ் அடித்தது இந்த வித்தியாசத்தை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. காக்காப்பொன் காக்காப்பொன்னாகத் தெரியட்டும். மூன்று பளபளப்பும் வேறு வேறாக இருப்பதால் மூன்று கனிமம் என்று விளக்கு வெளிச்சத்திலேயே தெரிகிறது.

பின்பக்கத்தைத் தொடவில்லை. மெருகேற்றிய கல்லைக் கனிமச் சேகரிப்பில் சேர்க்கலாமா என்று ஒரு பழைய சண்டை உண்டு. இயற்கை முகம் போனால் அது அலங்காரச் சாமான்தான் என்பார்கள். பாதிக்கு நானும் அந்தக் கட்சி. பின்பக்கம் உடைந்தபடியே கரடுமுரடாக இருப்பதால்தான் மைக்கா எப்படி அடுக்கியிருக்கிறது, மாணிக்கம் எப்படி அந்த அடுக்கைத் தள்ளிக்கொண்டு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க முடிகிறது. முன்பக்கம் மெருகில்லாவிட்டால் நீல வளையம் தெரியாது. இரண்டும் வேண்டும்.

அட்டையில் எழுதி அடியில் வைத்தேன்: ஃபுக்சைட்டில் குருந்தம் (மாணிக்கம்), கயனைட் வளையத்துடன். கர்நாடகம், விற்றவர் சொன்னபடி. ஒரு முகம் மெருகேற்றியது. எபாக்ஸி ஊட்டியது, இருமுறை. 415 கிராம்.

காணாமல்போன 13 கிராம் பக்கெட்டில் இருந்தது. தெளிந்து காய்ந்த சேற்றைச் சுரண்டி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடினேன். சாம்பல் பச்சையில், அசைத்தால் மினுங்கும் தூள். கோலப்பொடியில் கலந்தால் வாசல் மின்னும் என்று மகள் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தர முடியாது என்று சொல்லி, டப்பாவில் கொஞ்சம் மிச்ச எபாக்ஸியை ஊற்றிக் கட்டியாக்கிவிட்டேன். இப்போது அதையும் அலமாரியில் வைக்கச் சொல்கிறாள், அதற்கும் ஒரு அட்டை எழுதி.